பக்கத்து வீட்டுப் பழக்கம் வணிகத்துக்குப் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் வணிகம் படிக்கும் மாணவர்களுக்குப் பிற பண்பாட்டாரோடு சேர்ந்து வேலை செய்யும் திறனைக் கற்பிப்பது பற்றி எழுதுகிறோம். இந்தப் பாடத்தை எடுப்பவர்கள் நாங்கள். பாடம் எல்லா இடத்திலும் இருக்கிறது, பயிற்சிதான் இல்லை என்பது எங்கள் குறை.

வகுப்பு தொடங்கிய கையோடு மாணவர்கள் கேட்பது இது: "நாங்கள் சிங்கப்பூரர்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் எல்லாரோடும் வளர்ந்தவர்கள். எங்களுக்கு எதற்கு இது?" நியாயமான கேள்விதான். மலாய் நண்பர் வந்தால் ஹலால் உணவு வாங்க வேண்டும் என்று இங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் புல்தரையில் காகிதம் எரிந்த சாம்பலை மிதிக்காமல் சுற்றிப் போவோம். கீழ்த்தளத்தில் கல்யாணம் நடந்தால் அன்று சத்தம் இருக்கும் என்று பொறுத்துக்கொள்வோம். இவையெல்லாம் பல தலைமுறையாகப் பேசி முடித்த விஷயங்கள். பணமும் இதில் கைமாறுவதில்லை.

சரக்கு மூன்று வாரம் தாமதம் என்றால் அதை யார் சொல்வது, யாரிடம் சொல்வது, எழுத்திலா தொலைபேசியிலா என்று வரும்போது அந்தப் பழக்கம் கைகொடுப்பதில்லை. ஒப்புக்கொண்ட விலையை மறுபடி பேசலாமா, கூட்டத்தில் மேலாளர் சொன்ன கணக்கு தவறு என்றால் அங்கேயே திருத்தலாமா என்பதெல்லாம் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் படிக்கக் கிடைக்காது. நம் நால்வகை இனத்துப் பிள்ளைகளும் ஒரே பாடத்திட்டம் படித்து, ஒரே தேர்வெழுதி, பையன்கள் ஒரே தேசிய சேவையை முடித்து வருகிறவர்கள். வேலை என்று வரும்போது அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஜகார்த்தாவிலோ ஹோ சி மின் நகரிலோ சென்னையிலோ இருக்கும் ஆளோடு வேலை செய்வது வேறு.

அமெரிக்கரான மில்டன் பென்னட் 1986இல் இந்தத் திறன் வளரும் விதத்தை ஆறு படிகளாக விவரித்தார். வேறுபாடே இல்லை என்று மறுப்பது, அதை மிரட்டலாகப் பார்த்துத் தற்காத்துக்கொள்வது, அதைச் சிறியதாக்கிவிடுவது, ஏற்பது, அதற்கேற்ப நடந்துகொள்வது, தன் இயல்பாகவே ஆக்கிக்கொள்வது. இதில் மூன்றாம் படிதான் வழுக்கும். "அடிப்படையில் எல்லாரும் மனிதர்கள்தானே" என்பது கேட்க நன்றாக இருக்கும், நல்லெண்ணமும்கூட. அந்த எண்ணத்தோடு வரும் மாணவர் எதிராளி தன்னைப் போலவே யோசிப்பார் என்று வைத்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்புவார். பதில் வராதபோது அவருக்குக் கோபம் வரும், அதற்கான காரணத்தைத் தேடத் தோன்றாது. இன நல்லிணக்க நாளைக் கொண்டாடி வளர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் படியில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எங்கள் கணிப்பு.

இப்போது பாடம் எப்படி நடக்கிறது? பெரும்பாலும் அனைத்துலக வணிகப் பாடத்தில் ஒரு வாரம், ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயத்தில் நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட கீர்ட் ஹாஃப்ஸ்டீட் கண்டறிந்த அளவுகோல்கள். நெதர்லாந்துக்காரரான அவர் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் எடுத்த 100,000க்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து நாடுகளுக்குப் புள்ளிகள் தந்தார். பெரிய உழைப்பு, ஐயமில்லை. அதை வகுப்பில் பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு. மாணவர் இரண்டு நாட்டுப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, உயரமான பட்டை இந்தியா, ஆகவே அங்கே ஊழியர்கள் முதலாளியை எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்று எழுதிவிடுகிறார். மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று காட்டும் அதிகார இடைவெளியில் இந்தியாவுக்கு 77 புள்ளி. சிங்கப்பூருக்கு எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார். 74. மூன்றே புள்ளிதான் வித்தியாசம் என்று பார்க்காமலே ஒரு நாட்டை அடங்கிப்போகும் நாடு என்றும் தன் நாட்டைத் தைரியமான நாடு என்றும் பிரித்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. நிச்சயமின்மையைத் தவிர்க்கும் மனப்போக்கில் சிங்கப்பூரின் புள்ளி 8, அந்தப் பட்டியலிலேயே மிகக் குறைவு. நாளை என்ன நடக்கும் என்று தெரியாவிட்டாலும் கவலைப்படாதவர்கள் நாம் என்று அதற்குப் பொருள். வேலை கிடைக்குமோ என்று முதலாண்டிலேயே மூன்று இடத்தில் வேலைப்பயிற்சிக்கு எழுதிப்போடும், சலுகை விற்பனைக்கு விடியற்காலையில் வரிசை பிடிக்கும் கியாசு (எதையும் தவறவிட்டுவிடுவோமோ என்று பதறும்) நாட்டைப் பற்றித்தான் இந்தப் பேச்சு! விதிகளும் நடைமுறைகளும் ஏற்கெனவே உறுதியாக இருப்பதால் தனி ஆளுக்குக் கவலை குறைவு என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களின் பதில்கள் அவை என்று ஒதுக்குவோரும் உண்டு. அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வைக்காமல், 20 நிமிடம் ஒதுக்கி, "இந்த 8 உங்களுக்குப் பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால் இந்தியாவின் 77 மட்டும் கோயம்புத்தூர்க்காரருக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டு விவாதிக்க விட்டால் அந்த அத்தியாயத்துக்கு ஒரு பலன் இருக்கும். நாட்டு சராசரியைத் தனி மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்று ஹாஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர் காலையில் ஜெர்மனிக்காரரோடும் மாலையில் அமெரிக்கரோடும் பேசிப் பழகியவராக இருக்கலாம். அவரைப் போய் ஒரு பட்டை வரைபடத்தில் அடைப்பதா?

பயிற்சி என்று நாங்கள் சொல்வது இப்படி இருக்கும். விவரி, விளக்கு, மதிப்பிடு என்ற மூன்று படிப் பயிற்சி 1970களிலிருந்தே இந்தத் துறையில் புழக்கத்தில் இருக்கிறது. மூன்று பத்தி போட்ட ஒரு தாள், அரைப்பக்க நிகழ்வு ஒன்று, இவை போதும். வகுப்புக்காக அமைத்த ஒரு நிகழ்வைப் பாருங்கள். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று கோயம்புத்தூர்ப் பட்டறையிலிருந்து 200 நீர் பம்புகள் வாங்குகிறது. காணொளிக் கூட்டத்தில் கொள்முதல் அதிகாரி, "15ஆம் தேதி கப்பலில் ஏற்றிவிட முடியுமா?" என்று கேட்கிறார். பட்டறை முதலாளி, "பண்ணிடலாம் மேடம்" என்கிறார். பக்கத்தில் இருக்கும் உற்பத்திப் பொறியாளர் குனிந்து தம் நோட்டைப் பார்க்கிறார். கூட்டம் 12 நிமிடத்தில் முடிகிறது. 15ஆம் தேதி 120 பம்புகள்தான் தயார்.

முதல் பத்தியில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். பாதி வகுப்பு "பொறியாளர் பயந்தார்" என்று எழுதும். பயம் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தது குனிந்த தலையும் திறந்த நோட்டும்தான். பயம், மரியாதை, தயக்கம், பொய் போன்ற சொற்கள் முதல் பத்தியில் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்தப் பயிற்சியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு இதைத் தாண்டினால் மீதியெல்லாம் வீண்.

இரண்டாம் பத்தியில் குறைந்தது நான்கு விளக்கங்கள். வெளியாருக்கு முன்னால் முதலாளியை மறுக்கக் கூடாது என்று பொறியாளர் நினைத்திருக்கலாம். முதலாளி சொன்னது உறுதிமொழியாக இல்லாமல் முயற்சி செய்வோம் என்ற பொருளில் இருக்கலாம். கொள்முதல் அதிகாரியும் முடியும் முடியாது என்ற இரண்டே பதிலுக்கு இடம் வைத்துக் கேட்டிருக்கிறார், அதற்கு வேறு பதில் வர வழியில்லை. நான்காவது விளக்கத்துக்கு நாங்கள் ஒரு விதி வைக்கிறோம்: அதில் பண்பாடு என்ற பேச்சே இருக்கக் கூடாது. வார்ப்பு இரும்பு தரும் துணை ஒப்பந்தக்காரர் கடைசி வாரத்தில் கைவிட்டிருக்கலாம். பொறியாளர் நோட்டில் இருப்புக் கணக்கைத்தான் பார்த்திருக்கலாம். இந்த விதி இல்லாவிட்டால் மாணவர்கள் எல்லாவற்றுக்கும் பண்பாட்டின் மேல் பழிபோடக் கற்றுக்கொள்கிறார்கள். ஒன்றுமே தெரியாமல் இருந்ததைவிட அது மோசம்.

மூன்றாம் பத்தி மதிப்பீடு. இங்கே பட்டறையைப் பற்றி எழுதக் கூடாது, தன்னைப் பற்றி எழுத வேண்டும்: எனக்கு ஏன் இது எரிச்சல் தருகிறது, என் எந்தப் பழக்கத்தை இது இடிக்கிறது. இத்தோடு நிறுத்தினால் அது மனநலப் பாடம். வணிக மாணவருக்கு நான்காவதாக ஒரு பத்தி வேண்டும் என்று நாங்கள் சேர்த்துக்கொள்வது "அடுத்து என்ன கேட்பேன்" என்பது. நல்ல விடை ஏறக்குறைய இப்படி வரும்: "மீதமிருக்கும் வேலைகள் என்னென்ன, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடியும்?" என்று ஓர் அட்டவணையைக் கூட்டத்துக்கு முந்தின நாளே அனுப்புவது. முதலாளியிடமே சொல்லி, "எங்கள் தொழில்நுட்பர் உங்கள் பொறியாளரோடு கால் மணி நேரம் பேசி இதை நிரப்பிக்கொள்ளட்டுமா?" என்று கேட்பது. முதலாளிக்குத் தெரியாமல் பொறியாளருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது மாணவர்களுக்கு உடனே தோன்றும் குறுக்கு வழி. தகவல் கிடைத்துவிடும், அந்தப் பொறியாளரின் வேலைக்குத்தான் உலை வைத்த மாதிரி ஆகும்.

50 நிமிட வகுப்பில் இதைச் செய்யலாம். தனியாகப் படிக்க 5 நிமிடம், முதல் பத்திக்கு 10, இரண்டாவதுக்கு 15, அடுத்த கேள்விக்கு 10. கடைசி 10 நிமிடம் அதே கூட்டத்தைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. மதிப்பீட்டுப் பத்தி வீட்டுக்குப் போகும், அதை நாலு பேர் முன் எழுதச் சொன்னால் உண்மை வராது. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் மாணவர்கள் திணறுகிறார்கள். கொள்முதல் அதிகாரியான சிங்கப்பூர் அம்மையார் வணக்கம் சொன்ன முதல் நிமிடத்திலேயே தேதிக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்ததும் ஏழு பேருக்கு நகல் போட்டு, தேதியைச் சிவப்பெழுத்தில் போட்டு மின்னஞ்சல் அனுப்பினார். இங்கே அது திறமை. அங்கே அதை நம்பிக்கையில்லாத செயலாக எடுத்துக்கொண்டிருக்கலாம். தன் பக்கத்துக்கும் ஒரு பண்பாடு இருக்கிறது, தான் "சாதாரணம்" என்று நினைப்பதும் ஒரு வழக்கம்தான் என்று மாணவருக்கு உறைப்பது இந்த இடத்தில்தான்.

இதே வேலையை வேறு விதமாகச் செய்யும் ஒரு சீட்டு விளையாட்டு உலகம் முழுவதும் வணிகப் பள்ளிகளில் புழங்குகிறது. அதை உருவாக்கியவர் சென்னையில் பிறந்த சிவசைலம் தியாகராஜன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1980இல் அவர் லைபீரியாவில் பணியாற்றியபோது பிறந்தது அது. பார்ங்கா என்று பெயர், அந்நாட்டு ஊர் ஒன்றின் பெயர். மேசைக்கு 28 சீட்டுகள், ஏஸ் முதல் ஏழு வரை. ஒவ்வொரு மேசைக்கும் விதித்தாள் தருவார்கள். விதிகள் மேசைக்கு மேசை சற்று மாறியிருக்கும், ஒன்றில் ஏஸ் பெரியது, இன்னொன்றில் சிறியது, ஒன்றில் துருப்பு உண்டு, ஒன்றில் இல்லை. மாணவர்களுக்கு அது தெரியாது. சற்று ஆடிப் பழகியதும் விதித்தாளை வாங்கிக்கொண்டு, இனி யாரும் பேசக் கூடாது, எழுதவும் கூடாது என்பார்கள். பிறகு வென்றவர் ஒரு பக்க மேசைக்கும் தோற்றவர் மறுபக்க மேசைக்கும் மாறுவார். புது மேசையில் தான் வென்ற சீட்டை வேறொருவர் எடுத்துக்கொண்டு போகும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்! எதிராளி ஏமாற்றுகிறார் என்றே முதலில் தோன்றும்.

ஆட்டத்துக்கு 25 நிமிடம், அதன் பிறகான பேச்சுக்கு 40 நிமிடம் ஒதுக்காவிட்டால் இதை நடத்தவே வேண்டாம். வழக்கமாக நடக்கும் தவறு, ஆட்டம் சுவாரசியமாகப் போய் நேரத்தைத் தின்றுவிட, "எல்லாருக்கும் விதி வேறு, அதுதான் பண்பாடு" என்று ஒரே வரியில் முடித்து அனுப்பிவிடுவது. பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லாரும் தனித்தனியே எழுத வேண்டும், இல்லாவிட்டால் வாயாடிகள் நால்வர் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தவர் யார், தம் விதியைப் பிடிவாதமாக நிலைநாட்டியவர் யார், பழைய மேசைக்காரர்கள் புதிதாக வந்தவரை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் வேலை அனுமதிச்சீட்டில் இங்கு வரும் ஊழியரைப் பற்றிய பேச்சு தானாக வந்து நிற்கும். விரிவுரையாளர் அதை இழுத்து வர வேண்டியதில்லை.

அடுத்து குழுப் பணி. எல்லா நாட்டு மாணவரையும் ஒரே குழுவில் போட்டுவிட்டால் கற்றுக்கொள்வார்கள் என்பது நிர்வாகத்துக்கு வசதியான நம்பிக்கை. இரு தரப்பார் பழகினால் தப்பெண்ணம் குறையும் என்று 1954இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட்டே அதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்தார்: சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. நம் குழுக்களில் முதல் நிபந்தனையிலேயே ஓட்டை. ஆங்கிலம் சரளமாக வரும் உள்ளூர் மாணவர் அறிக்கையை எடுத்துக்கொள்வார், சீனாவிலிருந்து வந்தவருக்குக் கணக்கு, இந்தியாவிலிருந்து வந்தவருக்கு விளக்கப்படமும் மேடைப் பேச்சும். 13 வாரம் கழித்து மூன்று துண்டையும் ஒட்டிக் கொடுப்பார்கள். மதிப்பெண் வந்துவிடும். அவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு என்று ஒன்றுகூட இருக்காது. மாண்டரினில் தனி வாட்ஸ்அப் குழு ஒன்று ஓடிக்கொண்டிருப்பதும், மற்றவர்களுக்கு அது பாதிப் பருவத்தில் தெரியவந்து மனக்கசப்பாவதும் அடிக்கடி நடக்கிறது. தமிழிலும் அப்படிக் குழுக்கள் ஓடுவதை நாம் மறைக்க வேண்டாம்.

இதற்குச் செய்யக்கூடியவை சிக்கலானவை அல்ல. ஐந்து பேர் குழுவில் எந்தத் தரப்பிலிருந்தும் ஒரே ஓர் ஆள் தனியாக மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. முதல் ஒரு மணி நேரம் தலைப்பையே தொடாமல் ஒரு பக்க உடன்பாடு எழுத வைப்பது: கூட்டம் பத்து மணி என்றால் பத்து மணியா, பத்தே காலா? மறுப்பை அங்கேயே சொல்வதா, பிறகு எழுதுவதா? எந்த மொழியில், எந்தத் தளத்தில் பேசுவது? முடிவைக் கை தூக்கி எடுப்பதா, எல்லாரும் ஒப்பும்வரை பேசுவதா? மூன்று வாரத்துக்கு ஒருமுறை பொறுப்புகளை மாற்றுவது. இறுதி அறிக்கையோடு, எந்த முடிவை யார் முன்மொழிந்தார், யார் மறுத்தார், ஏன் மாறியது என்று ஒரு முடிவுப் பதிவேடும் கேட்பது.

சக மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். "கூட்டத்தில் துடிப்பாகக் கருத்துச் சொல்கிறார்" என்று ஒரு வரி இருக்கும். அதிகம் பேசுபவருக்கு ஐந்து, யோசித்து எழுதி அனுப்புபவருக்கு இரண்டு. படிவமே ஒரு பண்பாட்டுக்குச் சாதகமாக இருக்கும்போது பாடத்தில் மரியாதையைப் பற்றிப் பேசி என்ன பயன்? "ஒப்புக்கொண்ட தேதியில் தம் பகுதியை அனுப்பினார்", "புரியாததைக் கேட்டுத் தெளிந்துகொண்டார்" என்பதுபோல் கண்ணால் பார்க்கக்கூடிய செயலுக்கு அதை மாற்றலாம்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு வருவோம். உயர்கல்வி மாணவர்களில் 70 விழுக்காட்டினர் வெளிநாட்டு அனுபவம் பெற வேண்டும், அவர்களில் 70 விழுக்காட்டினர் ஆசியான், சீனா, இந்தியாவில் அதைப் பெற வேண்டும் என்று 2020இல் கல்வி அமைச்சு இலக்கு வைத்தது. திசை சரி. ஆனால் பேருந்தில் நிறுவனம் நிறுவனமாகப் போய், குளிரூட்டிய அறையில் விளக்கம் கேட்டு, பதாகை பிடித்துப் படமெடுத்துத் திரும்பும் ஐந்து நாள் சுற்றில் முன்னமே இருந்த எண்ணங்கள் உறுதிப்பட்டுத்தான் வருகின்றன. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே ஒவ்வொருவரும் ஒரு வேலை நடைமுறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: கடன் விற்பனையில் பணம் எப்போது, எப்படி வசூலாகிறது என்பதுபோல் சிறியதாக. "இந்தியப் பண்பாடு" என்பது தலைப்பே அல்ல. அங்கே இருக்கும்போது தினமும் ஒரு பக்கம் அந்த மூன்று பத்தித் தாள். ஓர் அரைநாள் பேருந்தும் வழிகாட்டியும் இல்லாமல், ஒரே பொருளின் மொத்த விலையை மூன்று கடைகளில் விசாரித்து வரும் வேலை. திரும்பி இரண்டு வாரம் கழித்து, பயணத்தில் எழுதிய விளக்கங்களில் எவை தவறென்று இப்போது தோன்றுகிறது என்று திருத்தி எழுதுவது. இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், பருவம் முடிந்துவிட்டது என்ற சாக்கில்.

பறக்க வசதியில்லாதவர்களுக்கு, இரு நாட்டு மாணவர்கள் சேர்ந்து செய்யும் இணையவழிக் கூட்டுத் திட்டம் இருக்கிறது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006 முதல் இதை ஒரு முறையாகவே வளர்த்துவருகிறது. இங்கே பெரும்பாலும் கவிழ்வது நாட்காட்டியில். ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரியோடு ஆறு வாரத் திட்டம் என்றால் அந்தப் பக்கம் பொங்கல், இந்தப் பக்கம் சீனப் புத்தாண்டு, ஆண்டைப் பொறுத்து நோன்பு மாதமும் சேர்ந்துகொள்ளும். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் நம் மாலை ஆறு அவர்களுக்குப் பிற்பகல் மூன்றரை, வகுப்பு நடக்கும் நேரம். தலைப்பு முடிவாவதற்கு முன்பே இரு பக்க நாட்காட்டியையும் ஒரே தாளில் ஒட்டிப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல உடன்பாடாகட்டும், அதற்கு முந்திய எந்த உடன்பாடாகட்டும், நம் பட்டதாரிகளின் முதல் மேசையை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குப் போனால் போதும், இந்தப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆங் சூனும் அமெரிக்காவின் கிறிஸ்டஃபர் ஏர்லியும் 2003இல் முன்வைத்த பண்பாட்டு நுண்ணறிவு என்ற கருத்தாக்கம் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. தன் எண்ணத்தைக் கவனிப்பது, அறிவு, ஆர்வம், நடத்தை என்ற நான்கு கூறுகளை அளக்க 20 கேள்விகள் கொண்ட அளவுகோலும் உண்டு. நம் ஊரில் பிறந்த கருவி, பெருமைதான். ஆனால் தன்னைத் தானே மதிப்பிடும் கேள்வித்தாளுக்கு மதிப்பெண் கொடுத்தால் எல்லாரும் ஏழுக்கு ஏழு போட்டுக்கொள்வார்கள். பருவத் தொடக்கத்தில் பேச்சைத் தொடங்க வைத்துக்கொள்ளலாம். முடிவில் ஒருவரின் புள்ளி குறைந்திருந்தால் அவர் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருளில்லை, தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று தெரிந்துகொண்டிருக்கலாம்.

அனுபவக் கட்டுரையும் இனி உதவாது. "எல்லாப் பண்பாட்டையும் மதிக்கக் கற்றேன்" என்று இரண்டு பக்கம் செயற்கை நுண்ணறிவுச் செயலி அரை நிமிடத்தில் எழுதித் தரும். மாணவரைப் பத்து நிமிடம் நேரில் உட்காரவைத்து, அவர் பார்த்திராத இரண்டு நிமிடக் காணொளி ஒன்றைப் போட்டு, கண்டதைச் சொல், விளக்கங்கள் சொல், எதை எப்படிக் கேட்டுச் சரிபார்ப்பாய் என்று கேட்கலாம். 40 மாணவர் வகுப்புக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். அவ்வளவு கட்டுரை திருத்தும் நேரத்தைவிட அது அதிகமில்லை.

தமிழ் வாசகர்களுக்கென்று சிறப்பாக ஒன்று. பல வகுப்புகளில் இந்தியாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லாத் தலையும் ஒரே தமிழ் மாணவரின் பக்கம் திரும்புகிறது. மூன்று தலைமுறையாக இங்கே ஈசூனில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளையிடம் மும்பையில் பேரம் எப்படி நடக்கும் என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? சக ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது, சமூகத்தின் பிரதிநிதியாக யாரையும் எழுப்பாதீர்கள், அவர் பகுதிநேர வேலையில் கண்டதைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: தமிழ்நாட்டு நிறுவனத்தில் வேலைப்பயிற்சிக்குப் போகும்போது மொழி ஒன்றுதானே என்று இறுமாந்து போகாதீர்கள். அங்கே சார், மேடம் என்று அழைக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, மேலாளரைத் தாண்டி அவருக்கு மேலிருப்பவருக்கு நேரே செய்தி அனுப்பினாலோ, உங்கள் தமிழ் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. ஜகார்த்தாவில் இதே தவறைச் செய்தால் வெளிநாட்டுப் பிள்ளை என்று மன்னிப்பார்கள். சென்னையில் நம்ம ஆள்தானே, இதுகூடத் தெரியவில்லையா என்பார்கள். அங்கிருந்து இங்கு படிக்க வரும் மாணவருக்கும் இதே கதை திரும்ப நடக்கிறது. விரிவுரையாளர் கேட்காமல் பேசக் கூடாது என்று அமைதியாக இருந்து, முனைப்பில்லாதவர் என்று பெயர் வாங்குகிறார்.

எங்களுக்குப் பெரிய தட்டுப்பாடு நல்ல நிகழ்வுகள்தான். பாடநூல்களில் வருவது அமெரிக்கரும் ஜப்பானியரும் பெயரட்டை மாற்றிக்கொள்ளும் கதை. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் மளிகை, நகை, ஜவுளி, உணவகம், சரக்கு அனுப்பும் தொழில் நடத்தும் நம்மவர்களிடம் இருப்பது அதைவிட நூறு மடங்கு: சீன வீட்டு உரிமையாளரோடு வாடகைப் பேச்சு, பங்ளாதேஷ் ஊழியர், மலாய் வாடிக்கையாளர், கோலாலம்பூர் மொத்த வியாபாரி, சென்னையிலிருந்து சரக்கு அனுப்புபவர், எல்லாம் ஒரே நாளில். ஆளுக்கு ஒன்றாக, 250 முதல் 300 சொல்லில், பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்தின் அல்லது தொழிற்கல்லூரியின் வணிகத் துறைக்கு எழுதிக் கொடுங்கள். யார் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுப்பால் குறிப்பிடுங்கள், பெயர், கடை, தெரு வேண்டாம். என்ன ஏற்பாடு, எத்தனை நாள் கெடு, எவ்வளவு பணம் தொங்கிக்கொண்டிருந்தது என்பது வேண்டும். பேசியதை நினைவிருக்கும்வரை அப்படியே எழுதுங்கள், தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்திருந்தால் கலந்தபடியே. விவகாரம் சிக்கிக்கொண்ட இடத்தில் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். பிறகு எப்படி முடிந்தது, யார் பக்கம் நியாயம் என்பதைத் தனித்தாளில் எழுதி உறையில் வையுங்கள். வகுப்பு முடியும்வரை விரிவுரையாளர் அதைப் பிரிக்காமல் இருப்பது நல்லது.

இப்படிக்கு,
வணிகக் கல்வி விரிவுரையாளர்கள் சிலர்
சிங்கப்பூர்